இரண்டு நீலப் பைகள்

வெள்ளவத்தை
07.03.1999

அன்புள்ள தம்பி றவூபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்குப் பத்து வயதாக இருக்கும்போது ஒரு மழை நாளில் பள்ளிவாசல் படலையில் நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "ரெண்டு குடையும் ஒண்டு போலத்தானே ஈக்குது ராத்தா, எங்கட எது எண்டு எப்பிடிச் சொல்ற?" நான் அவசரத்தில், "கிட்ட ஈக்கிறத எடு" என்றேன். வீட்டுக்கு வந்து விரித்தால் ஒரு கம்பி உடைந்த வேறு யாருடையதோ குடை. வாப்பா நம் இருவரையும் அதே மழையில் திருப்பி அனுப்பினார். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை என்று இந்த நாட்களில் அடிக்கடி நினைக்கிறேன்.

என் முழங்கால் பரவாயில்லை. உன் வீட்டுக்காரி லுத்பியாவின் பிரஷர் எப்படி இருக்கிறது? உப்பைக் குறைக்கச் சொல். இங்கே சோதனைச் சாவடிகள் கூடிவிட்டன. மற்றபடி சுகம். என் பச்சை அலாரம் கடிகாரம் இல்லாமல் போனதிலிருந்து விடியற்காலை சுபஹு பாங்கு கேட்டுத்தான் எழும்புகிறேன்.

ஒரு காரியம் கேட்க வேண்டும். என் வீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருக்கும் பாக்கியலெட்சுமியை உனக்குத் தெரியும். பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அவளுடைய கணவர் அழகுமுத்து புறக்கோட்டை நடைபாதையில் கண்ணாடிப் பெட்டி வைத்துக் கடிகாரம் திருத்தியவர். 97 செப்டெம்பரில் வேலை முடிந்து வரும்போது சோதனையில் பிடித்தார்கள். கையில் ஒரு நீலப் பை. உள்ளே ஒரு கடிகாரமும் ஈயக் கம்பியும். பிறகு டிசம்பரில் அந்தப் பையை அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்பினார்கள். கடிகார முள்ளில் கம்பி ஒட்டி, பற்றரி இணைத்து, குண்டுக்கென்றே செய்தது என்று அறிக்கை வந்தது. "அது என் பையே இல்லை" என்கிறார் மனிதர். ரிமாண்டில் பதினெட்டு மாதமாகிறது; இன்றைக்கும் அதையே சொல்கிறார். ஜூலை 14ஆம் திகதி வழக்கு விசாரணை. தீர்ப்பு எதிராக வந்தால் இருபது வருடம் என்கிறார் வக்கீல்.

அவரைப் பிடித்தது நீ வேலை செய்த பொலிஸ் நிலையம். நீ பதவியில் இருந்தபோது கேட்க மனம் வரவில்லை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டாய். வழக்குச் சாமான்களை நீ பொறுப்பாக இருந்த அந்த அறையில் எப்படி வைத்துக் காப்பீர்கள்? வகுப்பில் பின் வாங்கில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்வது போல எனக்குச் சொல். பாக்கியத்துக்கு விளக்க வேண்டும்.

உன் ராத்தா,
மர்லியா

*

ஹெம்மாத்தகம
16.03.1999

மரியாதைக்குரிய ராத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். லுத்பியா உப்பைக் குறைத்துவிட்டாள், எனக்கும் சேர்த்து. இப்போது வீட்டில் கருவாட்டில்தான் கொஞ்சம் உப்பு இருக்கிறது.

நீங்கள் கேட்டது எனக்குச் சந்தோஷம். முப்பது வருடச் சேவையில் அந்த அறையைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை. கள்ளனைப் பிடித்தவனுக்குத்தான் பெயர். சாமானைக் காத்தவனுக்குத் தூசு.

வழக்குச் சாமான் வந்தால் முதலில் பதிவுப் புத்தகத்தில் இலக்கம். அதே இலக்கம் மட்டை லேபலில். யாரிடம் எடுத்தது, எந்தத் திகதி, என்ன சாமான். லேபலைச் சணல் நூலால் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி முத்திரை. கீழே என் கையெழுத்து. நீதிமன்றத்துக்குப் போகும்போதும் திரும்பி வரும்போதும் கையெழுத்து. அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்த பதினொரு வருடத்தில் எதைத்தான் வைத்திருக்கவில்லை? பதினான்கு சைக்கிள், கள்ளச் சாராயக் கசிப்புப் பீப்பாய், தேங்காய் துருவி. ஒருமுறை சண்டைச் சேவல் ஒன்று. அதன் காலில் லேபல் கட்டினேன்; அது லேபலைத் தின்றுவிட்டது. நீதவான் சிரித்து, "சாட்சியே சாட்சியத்தைத் தின்றுவிட்டதா" என்றார்.

அந்த அறையிலிருந்து ஒரு ஊசிகூடக் காணாமல் போனதில்லை. பாக்கியத்திடம் அதைச் சொல்லுங்கள்.

தம்பி,
றவூப்

*

வெள்ளவத்தை
02.04.1999

அன்புள்ள தம்பி,

ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடி முடிந்தது. வட்டிலப்பம் செய்தேன். ஒரு தட்டம் பாக்கியத்துக்கும் கொடுத்தேன். அவள் அதை மூடி வைத்துவிட்டு மறுநாள் சிறைக்குப் பார்க்கப் போகும்போது எடுத்துப்போனாள். உள்ளே விடவில்லையாம். வாசலில் நின்ற காவலாளிக்கே கொடுத்துவிட்டு வந்தாள்.

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்தேன். சேவல் கதைக்குச் சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சிரித்து ஒன்றரை வருடம். பிறகு சொன்னாள்: "டீச்சரம்மா, அவரு பையோட கைப்பிடி அறுந்து போயி நான்தான் செவப்பு நூலுல தச்சுக் குடுத்தேன். போன தவணைக்குக் கோர்ட்டுல காமிச்ச பையில நூலே இல்லீங்க. நான் பின்னால ஒக்காந்து பார்த்தேனே."

அவளுடைய வக்கீல் நிக்கலஸைச் சந்தித்தேன். என் பழைய மாணவியின் கணவர். அவரிடம் சிவப்பு நூலைச் சொன்னேன். "ரீச்சர், மனுசி சொல்றத யார் நம்புவினம்? லேபல்ல பேர் இருக்கு, சீல் இருக்கு, சார்ஜன்ட்டின்ர கையெழுத்து இருக்கு. கோட்டுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?" என்று லேபலின் போட்டோப் பிரதியைக் காட்டினார்.

கையெழுத்து உன்னுடையது. 'றவூப்' என்பதன் கடைசி எழுத்தை நீ வாலாக இழுப்பாய். அதற்காக நான்காம் வகுப்பில் உன்னை எத்தனை தரம் திருத்தியிருப்பேன்.

முப்பத்தைந்து வருடம் விடைத்தாள் திருத்திய கண் சும்மா இருக்குமா? பையை எடுத்தது செப்டெம்பர் 9 என்று லேபலில் இருக்கிறது. உன் கையெழுத்தின் கீழே நவம்பர் 24 என்று இருக்கிறது. செப்டெம்பரில் வந்த சாமானுக்கு நவம்பரில் ஏன் லேபல் எழுதினாய், தம்பி? விளங்காததால்தான் கேட்கிறேன்.

ராத்தா

*

(அஞ்சலட்டை)
ஹெம்மாத்தகம
21.04.1999

ராத்தாவுக்கு ஸலாம். இங்கே சரியான மழை. மிளகு காயவைக்க முடியவில்லை. உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் பஸ்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் கேட்ட விஷயம் பழையது, எனக்குச் சரியாக நினைவில்லை. இந்த நாட்களில் நீங்கள் இப்படியான காரியங்களில் தலையிடாமல் இருப்பது நல்லது. லுத்பியா ஸலாம் சொன்னாள். றவூப்.

*

வெள்ளவத்தை
09.05.1999

அன்புள்ள தம்பி,

ஸலாம். தைலம் கிடைத்தது. மணம் தாங்க முடியவில்லை; கால் நன்றாக இருக்கிறது.

உன்னைக் கட்டாயப்படுத்த இதை எழுதவில்லை. ஒரு கதை மட்டும் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனைப் பாடசாலையில் நான் படிப்பித்த காலம். தையல் பரீட்சைக்கு இரண்டு பிள்ளைகள் ஒரே மாதிரி வெள்ளைத் தலையணை உறை தைத்தார்கள். பெயர்த்துண்டைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தேன். அலுமாரியில் ஊசிகள் கழன்று விழுந்துவிட்டன. எது யாருடையது என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் ரீச்சர் கவனமில்லாதவள் என்று தெரிந்துவிடும். நானாக யோசித்து, கெட்டிக்காரியின் பெயரை நல்ல உறையில் குத்தினேன். ஒரு வாரம் கழித்து மற்றப் பிள்ளை வந்தாள். "ரீச்சர், என்ட உறைக்குள்ள ஒரு மூலையில சின்னதா ஒரு பூ தச்சிருந்தன், உம்மாவுக்காக." அந்த நல்ல உறையைத் திருப்பிப் பார்த்தேன். பூ இருந்தது.

தெரிந்த பிறகும் அதிபரிடம் போக எனக்கு நாலு நாள் எடுத்தது. அந்த நாலு நாளும் அந்தப் பிள்ளை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தினமும் முன் வாங்கில் வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். போய்ச் சொன்னபோது அதிபர், "சரி, மாத்தி எழுதுங்க" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். நான் பயந்தது இந்த மனிதருக்கா என்று இருந்தது.

நீ மார்ச் மாதம் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். காணாமல் போனதில்லை என்று எழுதினாய். மாறிப்போனதில்லை என்று எழுதவில்லை. பொய் எழுத உன் கை வராது. சின்னதிலிருந்தே அப்படித்தான்.

ஜூலை 14.

ராத்தா

*

ஹெம்மாத்தகம
18.06.1999

அன்புள்ள மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். லுத்பியா எழுதுகிறேன். இவருக்குத் தெரியாது.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. பழைய டயரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு தரம் வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போகிறேன் என்று மாவனல்லை வரை போனார். இரண்டு தரமும் மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிட்டார். "ஏன்" என்றேன். "பஸ் நிறைஞ்சி" என்றார். மதினி, மாவனல்லையிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு கொழும்பு பஸ்.

நேற்று நானே கேட்டேன். "என்ன களவு செஞ்ச நீங்க?" என்று. "களவு இல்ல, அவசரம்" என்றார். எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும் என்று எழுதுகிறேன். பிரஷர் குறைந்திருக்கிறது, துஆ செய்யுங்கள்.

லுத்பியா

*

ஹெம்மாத்தகம
25.06.1999

ராத்தாவுக்கு,

ஸலாம். இதை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

97 நவம்பர் 22ஆம் திகதி பெரிய மழையில் அறையின் கூரை ஒழுகியது. காலையில் திறந்தால் ஒழுகிய பக்கத்திலிருந்த பதினேழு லேபல்களில் மை கரைந்துவிட்டது. சில மட்டைகள் கூழாகிக் கீழே கிடந்தன. 25ஆம் திகதி மேலதிகாரியின் பரிசோதனை. நடந்ததை அப்படியே புத்தகத்தில் எழுதி அவருக்குக் காட்டியிருக்க வேண்டும். அதுதான் முறை. நான் 24ஆம் திகதி பதினேழு புது லேபல் எழுதினேன்.

பதினைந்தைப் புத்தகத்தைப் பார்த்துச் சந்தேகமில்லாமல் எழுதினேன். சைக்கிளையும் வாளையும் யாரும் மாற்ற முடியாது. மிச்சம் இரண்டு நீலப் பை. ஒன்று அழகுமுத்துவிடம் எடுத்தது. மற்றது ரயில் பாதை ஓரத்தில் ஆளில்லாமல் கிடந்தது. புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே வசனம்: நீலப் பை ஒன்று, கடிகாரம் ஒன்று, கம்பி. எழுதியவனும் நான்தான். சோம்பலில் எழுதியது. கைப்பிடியில் நூல் இருக்கிறதா என்று பார்த்து எழுத ஒரு நிமிஷம் போயிருக்கும்.

கிட்ட இருந்ததை எடுத்தேன், ராத்தா. அந்தக் குடையைப் போல.

ஆளைப் பிடித்த பை, ஆளில்லாத பை. எதற்கு எந்தப் பெயர் போனது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பென்சனை நினைத்துப் பயந்தது உண்மை. அதைவிட வேறொரு பயம். தமிழ் பேசுகிற பொலிஸ்காரன் ஒரு தமிழ் ஆளுக்காக வந்து தன் கையெழுத்தையே மாற்றிச் சொன்னால் இந்த நேரத்தில் என்ன சொல்வார்கள்? எவ்வளவு வாங்கினான் என்று கேட்பார்கள். அல்லது அதைவிட மோசமாக.

ஆனாலும் வருகிறேன். ஒன்று செய்ய வேண்டும். சிவப்பு நூலை நீங்கள் எனக்கு எழுதிவிட்டீர்கள். இனி அதை நான் சொன்னால் ராத்தா சொல்லிக்கொடுத்தது என்பார்கள். அழகுமுத்துவுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது அந்தப் பையில் இருந்ததா என்று பாக்கியம் கேட்கட்டும். பதிலை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நிக்கலஸ் அதன் மேல் திகதியிட்டுக் கையெழுத்து வைக்கட்டும். எனக்கு எழுத வேண்டாம். நீங்களும் பார்க்க வேண்டாம். மற்றப் பை இன்னும் அந்த அறையில் இருக்கும். ஆளில்லாத சாமானை யாரும் தொட மாட்டார்கள்.

12ஆம் திகதி வருவேன். உங்களுக்கு எழுதியதை லுத்பியா சொல்லிவிட்டாள்; இந்தமுறை பஸ் நிறையாது.

றவூப்

*

வெள்ளவத்தை
30.06.1999

அன்புள்ள தம்பி,

ஸலாம். உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றே வாசித்தேன். தேங்காய்ப்பால் பொங்கி அடுப்பில் ஊற்றியது. பரவாயில்லை.

நீ சொன்னபடி செய்தோம். பாக்கியம் சிறைக்குப் போய்க் கேட்டு வந்து, நிக்கலஸின் அலுவலகத்தில் எழுதினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவள் இரண்டு வரி எழுதி நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தாள் போல இருந்தது. "என்ன" என்றேன். "ஒண்ணுமில்லீங்க டீச்சரம்மா" என்றாள். உறை ஒட்டியாயிற்று.

முன் அறையில் உனக்குப் படுக்கை போட்டிருக்கிறேன். வெள்ளைச் சேட்டைக் கொண்டு வா. இஸ்திரி நான் போடுகிறேன்.

ராத்தா

*

வெள்ளவத்தை
15.07.1999

அன்புள்ள லுத்பியாவுக்கு,

ஸலாம். உன் வீட்டுக்காரர் என் முன் அறையில் நன்றாகக் குறட்டை விடுகிறார். காலை பத்து மணியாகிறது. நான் எழுப்பவில்லை. அதனால் நேற்று நடந்ததை நான் எழுதுகிறேன்.

கூண்டில் ஏறியதும் றவூப் கூரை ஒழுகியதிலிருந்து தொடங்கி எதையும் விடாமல் சொன்னான். அரச தரப்பு வக்கீல் எழுந்தார். "இத்தனை மாதம் கழித்து இன்றைக்கு ஏன் வந்தீர்கள்? உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" றவூப் சொன்னான்: "யாரும் சொல்லித்தர முடியாதபடி ஒன்று செய்திருக்கிறோம், ஐயா. மற்றப் பையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அது வந்த பிறகு, இவருடைய வக்கீலிடம் இருக்கும் ஒட்டிய உறையைத் திறவுங்கள்."

நீதிபதி ஆள் அனுப்பினார். இப்போது அறைக்குப் பொறுப்பாக இருக்கும் சார்ஜன்ட் ஒன்றரை மணித்தியாலத்தில் பையோடு வந்தார். தூசு படிந்த நீலப் பை. கைப்பிடியில் சிவப்பு நூல். பின்னால் பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு நீதிபதி உறையைக் கிழித்தார். மொழிபெயர்ப்பாளர் வாசித்தார்: "பையின் அடியில், துணிக்குக் கீழே, கலண்டர் மட்டை ஒன்று வெட்டிப் போட்டிருக்கிறேன். அதன் பின்பக்கத்தில் கடிகாரம் தந்தவர்களின் பெயர் பென்சிலால் இருக்கும். கடைசிப் பெயர் மர்லியா டீச்சர், பச்சை அலாரம்."

துணியைத் தூக்கினார்கள். மட்டை இருந்தது. பெயர்கள் இருந்தன.

"யார் இந்த மர்லியா டீச்சர்?" என்று நீதிபதி கேட்டார்.

லுத்பியா, நான் எழுந்து நின்றேன். "நான்தான்" என்றேன். கடிகாரத்தைக் காட்டாமல் அடையாளம் சொல்லச் சொன்னார்கள். "பின்பக்கத்தில் சாவி கொடுக்கும் திருகு உடைந்து, அதற்குப் பதிலாக என் தையல் மெஷின் ஆணி ஒன்று போட்டிருக்கிறது" என்றேன். எடுத்துத் திருப்பினார்கள். அந்த ஆணி இருந்தது. முள்ளில் கம்பியும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு வருடமாக ஐந்து மணி இருபதில் நின்றுகொண்டிருந்தது.

நீதிபதி கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு அழகுமுத்துவைப் பார்த்து ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்குமுன் நிக்கலஸ் திரும்பி எங்களைப் பார்த்து, "பிணை குடுத்தாச்சு. வழக்கையும் வாபஸ் வாங்குவினம் போல" என்றார். மனிதர் நேற்று மாலை வீட்டுக்கு வந்துவிட்டார். சோறு வேண்டாம், முதலில் குளிக்க வேண்டும் என்றார். ஒரு மணித்தியாலம் கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் போதும் என்று சொல்லவில்லை.

மதினி,
மர்லியா

*

ஹெம்மாத்தகம
22.08.1999

ராத்தாவுக்கு,

ஸலாம். வழக்கு வாபஸ் ஆனதை நிக்கலஸ் தந்தியில் அறிவித்தார். அல்ஹம்துலில்லாஹ். லுத்பியா அயலுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தாள்.

பொலிஸ் திணைக்களத்தில் விளக்கம் கேட்டார்கள். எழுதினேன். கண்டித்து ஒரு கடிதம் வந்தது. பென்சனில் கை வைக்கவில்லை. அந்தக் கடிதத்தைப் பெட்டியில் என் சேவைப் பதக்கத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பழைய நிலையத்து சார்ஜன்ட் போன் எடுத்து, "அண்ணே, இனிமேல் பையென்றால் நூல் வரைக்கும் எழுதுகிறோம்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வர ஒரு நிமிஷம் எடுத்தது. ஆனால் வந்தது.

ஒன்று கேட்க வேண்டும். மார்ச் மாதம் முதல் கடிதத்திலேயே பச்சைக் கடிகாரம் இல்லாமல் போனது என்று எழுதினீர்கள். அது எங்கே போனது என்று அப்போதே உங்களுக்குத் தெரியும்தானே?

றவூப்

*

வெள்ளவத்தை
05.09.1999

அன்புள்ள தம்பி,

ஸலாம். தெரியும்.

அவர் பிடிபட்ட அன்று காலைதான் கொடுத்தேன். பையில் இருந்த கடிகாரம் என்னுடையது என்று மறுநாளே நிலையத்துக்கு வந்து சொல்லியிருக்கலாம். நீ அங்கேதான் இருந்தாய். "யாருடைய கடிகாரம்" என்ற கேள்வி நம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்று பயந்தேன். பொலிஸ்காரத் தம்பியின் பெயரும் கெடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அறிக்கை வந்ததும் இன்னும் பயம். உனக்குத் தலையணை உறைக் கதை எழுதியபோது பாதி எனக்கே எழுதினேன். எனக்கு நாலு நாள் அல்ல; இருபத்திரண்டு மாதம் எடுத்தது. அதுவும் நீ முதலில் கூண்டில் ஏறிய பிறகு.

இதைப் பாக்கியத்திடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டு இருந்தாள். "அன்னைக்கு வக்கீல் ஆபீசுல எழுதறப்பவே தெரியுமுங்க டீச்சரம்மா. நீங்களா சொல்லட்டுமேன்னுதான் இருந்தேன்" என்றாள். பிறகு, "ராத்திரிக்கு நம்ம வீட்டுல சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டேன். அழகுமுத்து கடிகாரத்தைக் கழற்றித் துடைத்துத் திருத்திக் கொடுத்தார். தையல் மெஷின் ஆணியை மாற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இன்று காலை அது பாங்குக்கு இரண்டு நிமிஷம் முந்தி அடித்தது.

உன் குடைக் கேள்விக்குப் பதில் இப்போது இருக்கிறது. நீயும் லுத்பியாவும் செய்து பாருங்கள். வீட்டில் ஒரே மாதிரி இரண்டு உள்ள சாமான் ஒன்றை எடுங்கள். குடையோ, கோப்பையோ, எதுவானாலும் சரி. அதில் ஒன்றைப் பற்றி மட்டும் நாலு வரி எழுதி, உங்கள் வீட்டை அறியாத ஒருவரிடம் கொடுத்து, எது என்று எடுக்கச் சொல்லுங்கள். அவர் சரியானதை எடுத்தால்தான் நீங்கள் அதைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ராத்தா,
மர்லியா